சுடச் சொன்னது அமைச்சரவை! பொறுக்கச் சொன்னார் தளபதி!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட வரலாற்று அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற அமர்வு முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் ஒரு தம்பி என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "போர் செய்வது தளபதியின் வேலை. சமாதானம் பேசுவது ராஜதந்திரியின் வேலை. அப்படியென்றால் தளபதி எப்போதும் சண்டையைத்தானே விரும்புவார்? ராஜதந்திரி எப்போதும் பேச்சைத்தானே விரும்புவார்?" என்றார். நல்ல கேள்வி. பலர் மனதில் இருக்கும் கேள்வியும்கூட. இதற்கு நான் தத்துவமாகப் பதில் சொல்லப் போவதில்லை. நம் பாட்டனார் காலத்தில் இந்திய முஸ்லிம்கள் ஒவ்வொரு நாளும் செய்தித்தாளைப் புரட்டி எதிர்பார்த்துக் கிடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் முதன்யா போர் நிறுத்தம். ஆண்டு 1922. மர்மரா கடலின் தென்கரையில் இருக்கும் ஒரு சிறு துறைமுக ஊர் முதன்யா.

முதலில் முத்ரோஸ்

முதன்யாவைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். முதல் உலகப் போரில் தோற்றுப்போன உஸ்மானிய அரசு, 1918 அக்டோபர் 30 அன்று லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகத்தில், அகமெம்னான் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வைத்து ஒரு போர் நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிரிட்டிஷ் தரப்பில் அட்மிரல் கால்த்ரோப். உஸ்மானியத் தரப்பில் கடற்படை அமைச்சர் ரவூப் பே. தோழமை நாடான பிரான்சின் அட்மிரலைக்கூடக் கால்த்ரோப் பேச்சுக்குள் சேர்க்கவில்லை. இதனால் பாரிசுக்கும் லண்டனுக்கும் இடையே பெரிய மனக்கசப்பு ஏற்பட்டது.

அந்த ஒப்பந்தத்தின் 7-வது பிரிவை மட்டும் சொல்கிறேன். தங்கள் பாதுகாப்புக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால், ராணுவ முக்கியத்துவம் வாய்ந்த எந்த இடத்தையும் நேச நாடுகள் கைப்பற்றிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. ஆபத்து எது, முக்கியமான இடம் எது என்று யார் தீர்மானிப்பது? வென்றவர்தான்! கால்த்ரோப் ஒப்பந்தத்துக்கு வெளியே சில உறுதிமொழிகளைக் கூறினார். ரவூப் பே அவற்றை நம்பினார்.

வணிகச் சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்திரத்தில் இல்லாததை வாய்ச்சொல்லாக ஆயிரம் சொல்லலாம். வழக்கு என்று வரும்போது பத்திரம்தான் பேசும்.

அப்போது சிரியா எல்லையை ஒட்டி அதனாவில் இருந்த ஒரு தளபதி, அந்த ஒப்பந்தத்தின் வாசகங்களைப் படித்துவிட்டுத் தலைமை அமைச்சர் இஸ்ஸத் பாஷாவுக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார். இந்தச் சொற்களுக்கு எல்லை வகுக்காவிட்டால் நாடு முழுவதும் கைவிட்டுப் போய்விடும் என்பதே அவரது வாதம். இஸ்கந்தரூன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் படை இறங்கினால் எதிர்க்கவும் உத்தரவிட்டார். அரசோ, உத்தரவைத் திரும்பப் பெறும்படி கட்டளையிட்டது. அந்தத் தளபதியின் பெயர் முஸ்தபா கமால் பாஷா.

அடுத்து நடந்தது என்ன? ஒப்பந்தத்தின் மை காயும் முன்பே மோசூல் நகரம் பிரிட்டிஷ் படையின் கைக்குப் போனது. 1918 நவம்பர் 13-ல் நேச நாட்டுக் கப்பல்கள் இஸ்தான்புல்லில் நங்கூரம் பாய்ச்சின. 1919 மே 15-ல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. 1920 மார்ச் 16-ல் இஸ்தான்புல் முறைப்படி ஆக்கிரமிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல் நாட்டைத் துண்டாடும் செவ்ரே ஒப்பந்தம் திணிக்கப்பட்டது.

இங்கே எச்சரித்தவர் களத்தில் நின்ற தளபதி. இணங்கிப்போகச் சொன்னது தலைநகரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் எழுந்த குரல்

கிலாபத் இயக்கம் நம் நாட்டைக் குலுக்கிய காலம் அது. அலி சகோதரர்கள் சிறையில் இருந்தார்கள். சென்னையின் யாகூப் ஹசன் அவர்கள் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைது செய்யப்பட்டார். ஊர் ஊராகத் துருக்கிக்கு நிதி திரட்டப்பட்டது. கொடுத்தவர்களில் வணிகர்களும் உண்டு, நகையைக் கழற்றித் தந்த பெண்களும் உண்டு.

இந்தக் குரலுக்கு லண்டனிலேயே ஒருவர் பதவியை இழந்தார். இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு. இஸ்தான்புல்லைவிட்டு வெளியேறுங்கள், இஸ்மிரையும் திரேஸையும் துருக்கியரிடம் திருப்பிக் கொடுங்கள் என்று இந்திய அரசு அனுப்பிய தந்தியை, அமைச்சரவையின் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டார் என்பதற்காக 1922 மார்ச்சில் அவர் பதவி விலக நேர்ந்தது. தந்தியை அனுப்பியவர் வைஸ்ராய் ரீடிங் பிரபு. அவர் கிலாபத் தொண்டர் அல்லர். ஆனால் இந்தியாவில் இருந்ததால் இந்தியாவின் கொதிப்பு அவருக்குத் தெரிந்தது. அது லண்டனுக்குத் தெரியவில்லை!

சனாக்கில் முள்வேலி

1922 ஆகஸ்ட் 26-ல் துருக்கியப் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது. செப்டம்பர் 9-ல் இஸ்மிருக்குள் நுழைந்தது. கிரேக்கப் படை பின்வாங்கும்போது மனீஸா, அலாஷெஹிர் போன்ற ஊர்களைக் கொளுத்திவிட்டுப் போனது. இஸ்மிரிலும் செப்டம்பர் 13 முதல் பெருந்தீ மூண்டு, ஆர்மீனியரும் கிரேக்கருமான அப்பாவி மக்கள் பெரும் துயரத்துக்கு ஆளானார்கள். நம் மனதுக்கு நெருக்கமான பக்கம் என்பதற்காக ஒரு தரப்பின் கண்ணீரை மட்டும் எண்ணுவது நியாயமாகாது. போர் நீண்டால் இன்னும் எத்தனை இஸ்மிர் எரிந்திருக்கும் என்ற கேள்வியோடுதான் இனி நடந்ததைக் கேட்க வேண்டும்.

வென்ற படை வடக்கே திரும்பியது. இஸ்தான்புல்லும், கிழக்குத் திரேஸும், அதன் பழம்பெரும் நகரமான எதிர்னேயும் இன்னும் மீளவில்லை. நடுவே ஜலசந்தியின் இரு கரையிலும் நேச நாடுகள் அறிவித்த நடுநிலைப் பகுதி. அதில் ஆசியக் கரையில் உள்ள ஊர் சனாக் என்கிற சனக்கலே. அங்கே பிரிட்டிஷ் படை முள்வேலி போட்டு நின்றது.

லண்டனில் பிரதமர் லாயிட் ஜார்ஜும் சர்ச்சிலும் விறைப்பாக இருந்தார்கள். செப்டம்பர் 15-ல் அமைச்சரவை கூடி, துருக்கியரைத் தடுக்கப் படை தாருங்கள் என்று கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிடம் கேட்க முடிவு செய்தது. மறுநாள் பத்திரிகைகளுக்கும் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். கனடாவின் பிரதமர் மெக்கன்சி கிங், அதை எங்கள் பாராளுமன்றம்தான் முடிவு செய்யும் என்று நழுவினார். பிரான்சும் இத்தாலியும் சனாக்கில் இருந்த தங்கள் வீரர்களையே திரும்ப அழைத்துக்கொண்டன. பிரிட்டிஷ் படை தனித்து நின்றது.

வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு பாரிசுக்கு ஓடினார். வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அதே கர்சன்தான்! பிரெஞ்சுப் பிரதமர் புவான்காரேயுடன் நடந்த வாக்குவாதத்தில் மனம் உடைந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆனாலும் மீண்டும் வந்து உட்கார்ந்தார். செப்டம்பர் 23-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து அங்காராவுக்கு ஒரு குறிப்பு அனுப்பின. நடுநிலைப் பகுதிக்குள் நுழையாதீர்கள், தளபதிகள் கூடிப் பேசட்டும், எதிர்னே உட்பட கிழக்குத் திரேஸ் உங்களுக்குத் திரும்பக் கிடைக்க ஆதரவு தருகிறோம் என்பது அதன் சாரம்.

அதே நாளில் துருக்கியக் குதிரைப்படை நடுநிலைப் பகுதிக்குள் வந்துவிட்டது. முள்வேலிக்கு இந்தப்புறம் பிரிட்டிஷ் வீரர்கள், அந்தப்புறம் துருக்கிய வீரர்கள். துருக்கியர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சுடும் எண்ணம் இல்லை என்று காட்டியபடியே வேலிவரை நெருங்கினார்கள். ஒருவன் விரல் தவறினாலும் போதும், பெரும்போர் மூளும்!

செப்டம்பர் 29-ன் உத்தரவு

அன்று லண்டன் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. இஸ்தான்புல்லில் இருந்த நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஜெனரல் சார்லஸ் ஹாரிங்டனுக்கு உத்தரவு பறந்தது. சனாக்கில் உள்ள துருக்கியத் தளபதிக்கு இறுதி எச்சரிக்கை கொடு. குறித்த நேரத்துக்குள் பின்வாங்காவிட்டால் எல்லாப் படைகளும் சுடத் தொடங்கும் என்று சொல். நேரத்தை நீயே குறித்துக்கொள்!

துருக்கியர் விரைவில் தாக்கப் போகிறார்கள் என்ற உளவுத் தகவலை அவர்கள் நம்பினார்கள். லண்டனில் இருந்த முப்படைத் தலைவர்களும் இந்த எச்சரிக்கைக்கு உடன்பட்டார்கள். அன்றிரவு கர்சன் மட்டும், இன்னும் 24 மணி நேரம் பொறுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மற்ற அமைச்சர்கள் ஏற்கவில்லை.

இப்போது ஹாரிங்டனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் நாட்டின் உத்தரவு. மீறினால் பதவி போகலாம், பெயர் போகலாம். நிறைவேற்றினால் எத்தனை ஆயிரம் உயிர் போகும் என்று கணக்கில்லை. அவர் முதல் உலகப் போரில் தளபதி பிளூமரின் தலைமை அதிகாரியாக இருந்தவர். பெல்ஜியத்தின் சேற்றில் மனிதர்கள் கும்பல் கும்பலாக மடிந்ததைப் பார்த்தவர்.

அவர் அந்த எச்சரிக்கையைக் கொடுக்கவே இல்லை. உத்தரவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார் என்றே சொல்லலாம்.

செப்டம்பர் 30 முழுவதும் லண்டனில் அமைச்சர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அக்டோபர் 1-ல்தான் அவருடைய பதில் அவர்கள் கைக்குக் கிடைத்தது. சனாக்கில் உடனடி ஆபத்து இல்லை. முஸ்தபா கமாலைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெடிமருந்துக்குத் தீ வைக்க வேண்டாம் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். இஸ்தான்புல்லில் இருந்த பிரிட்டிஷ் ராஜதந்திரி ஹோரஸ் ரம்போல்டு துருக்கியரிடம் இளகிய மனம் கொண்டவர் அல்லர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரும் தளபதியின் பக்கமே நின்றார்.

மறுபுறம் இஸ்மிரில், பிரெஞ்சுத் தூதர் பிராங்க்ளின் பூயோன் முஸ்தபா கமாலைச் சந்தித்து, பேசினாலே திரேஸ் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னார். வெற்றி மேல் வெற்றி கண்ட படையின் தலைவர் அவர். நிறுத்தாமல் போயிருக்கலாம். முன்னேற்றத்தை நிறுத்திப் பேச்சுக்கு இசைந்தார். 1918-ல் சுட உத்தரவிட்டவர், 1922-ல் நிறுத்த உத்தரவிட்டார். இரண்டு முறையும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: இப்போது எழுதப்படும் எழுத்து நம் மண்ணைக் காக்குமா, காக்காதா?

மேஜையிலும் ஒரு போர்

அக்டோபர் 3-ல் முதன்யாவின் கடற்கரை வீடு ஒன்றில் பேச்சு தொடங்கியது. அந்த வீடு பிற்காலத்தில் அருங்காட்சியகமாக்கப்பட்டது. துருக்கியத் தரப்பில் மேற்கு முனைத் தளபதி இஸ்மத் பாஷா. பிரிட்டனுக்கு ஹாரிங்டன், பிரான்சுக்கு ஷார்பி, இத்தாலிக்கு மொம்பெல்லி. நால்வருமே ராணுவத்தினர்.

எளிதாக முடியவில்லை. கிழக்குத் திரேஸை இப்போதே, சமாதான ஒப்பந்தத்துக்கு முன்பே, எங்களிடம் தர வேண்டும் என்றார் இஸ்மத் பாஷா. இல்லாவிட்டால் படை நகரும் என்றார். முத்ரோஸில் சூடுபட்டவர்கள் அல்லவா! நாளைக்குத் தருகிறோம் என்ற சொல்லை அவர்கள் எப்படி நம்புவார்கள்? ஹாரிங்டனுக்கோ அந்த அளவுக்கு ஒப்புக்கொள்ள அதிகாரம் இல்லை. பேச்சு நின்றது. தளபதிகள் இஸ்தான்புல்லுக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் தளபதியால் முடியாததை ராஜதந்திரி செய்தார். கர்சன் அக்டோபர் 6-ல் மறுபடியும் பாரிசுக்குப் போனார். அவமானப்பட்டுத் திரும்பிய அதே ஊருக்கு! புவான்காரேயுடன் உட்கார்ந்து ஒரு நடுவழி கண்டார். கிரேக்கப் படை உடனே வெளியேறட்டும். இடையில் நேச நாட்டுப் படை நிற்கட்டும். 30 நாளில் துருக்கிய நிர்வாகம் வரட்டும்.

அக்டோபர் 11-ல் கையெழுத்தானது. 14 பிரிவுகள். அந்த எழுத்தைப் பாருங்கள். கிரேக்கப் படை 15 நாளில் கிழக்குத் திரேஸைக் காலி செய்ய வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் துருக்கிய அதிகாரிகளிடம் நிர்வாகம் வர வேண்டும். அங்கே துருக்கியக் காவல் படை 8,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சனாக் பகுதியில் துருக்கியப் படை கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அக்டோபர் 14 நள்ளிரவில் நடைமுறைக்கு வரும்.

முத்ரோஸின் 7-வது பிரிவோடு இதை ஒப்பிடுங்கள். அங்கே "எந்த இடமும்". இங்கே நாளும், எண்ணிக்கையும், கிலோமீட்டரும்! இந்த எழுத்துக்கு இரண்டு பொருள் கொள்ள இடமில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாருடைய படை வெளியேற வேண்டுமோ, அந்தக் கிரேக்கரின் பிரதிநிதிகள் அந்த மேஜையில் இல்லை. கப்பலிலேயே இருந்தார்கள், கையெழுத்திடவில்லை. சில நாளில் கிரேக்க அரசு வேறு வழியின்றி ஏற்றது. திரேஸின் கிரேக்கக் குடியானவர்கள் மாட்டு வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மழையில் சாரை சாரையாக வெளியேறினார்கள். துப்பாக்கி ஓய்ந்தாலும் கண்ணீர் ஓயவில்லை. ஆனால் அது போர்க்களமாக ஆகியிருந்தால் அந்த வண்டிகள்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

பின்விளைவும் உடனே தெரிந்தது. யாரும் கேட்காத போருக்கு நாட்டைத் தள்ளப் பார்த்தார் என்ற அதிருப்தியும் சேர்ந்துகொள்ள, அக்டோபர் 19-ல் லாயிட் ஜார்ஜின் ஆட்சி கவிழ்ந்தது. இஸ்மத் பாஷா வெளியுறவு அமைச்சராகி லோசானுக்குப் போனார். 1923 ஜூலை 24-ல் லோசான் ஒப்பந்தம் கையெழுத்தாகி, செவ்ரே செல்லாக்காசானது. அக்டோபர் 2-ல் ஹாரிங்டன் தம் படையுடன் இஸ்தான்புல்லைவிட்டு வெளியேறினார். நான்கு நாளில் துருக்கியப் படை உள்ளே வந்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் இஸ்தான்புல் மீண்டது! எந்தக் கிலாபத்துக்காக நம் முன்னோர் நிதி திரட்டினார்களோ, அதை 1924 மார்ச்சில் அங்காராவே ஒழித்தது என்பது தனிக் கதை; அதை வேறொரு அமர்வில் பேசுவோம்.

தம்பியின் கேள்விக்குப் பதில்

இப்போது சொல்லுங்கள். தளபதி என்றால் சண்டையா? ராஜதந்திரி என்றால் சமாதானமா? லண்டனில் இருந்த படைத் தலைவர்கள் சுடச் சொன்னார்கள். சனாக்கைப் பார்த்த படைத் தலைவர் மறுத்தார். அங்கே பிரித்தது உடுப்பு அல்ல, தூரம். முள்வேலியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதே அவருடைய முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்தது. வேலிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு எதிரில் இருப்பவனின் முகம் தெரிந்தது. தலைகீழாகப் பிடித்த துப்பாக்கி தெரிந்தது. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தவருக்குத் தேசப்படம் மட்டுமே தெரிந்தது.

அப்படியானால் களத்தில் இருப்பவன் எந்த உத்தரவையும் மீறலாமா? இல்லை. ஹாரிங்டன் தனி ராஜ்யம் நடத்தவில்லை. காரணத்தை எழுதி அனுப்பினார். பொறுப்பைத் தாமே ஏற்றார். அதிகாரம் இல்லாத இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மேலிடத்தைக் கேட்டார். தணிப்பதற்காக ஓர் உத்தரவைத் தாமதப்படுத்துவது வேறு. ஆத்திரத்தில் மூட்டிவிட்டு, பிறகு தலைவர்களைத் தேடுவது வேறு.

பேசுவது கோழைத்தனம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது உமர் (ரலி) அவர்களுக்கே மனம் ஒப்பவில்லை; நாம் ஏன் இப்படித் தாழ்ந்துபோக வேண்டும் என்று கேட்டார்கள். தாழ்வாகத் தோன்றிய அந்தப் பத்தாண்டுப் போர் நிறுத்தம் எதைத் திறந்துவிட்டது என்பதை இங்கே இருக்கும் சிறுவர்களும் அறிவார்கள்.

கடைத்தெருவில் ஒரு தகராறு, சங்கத்தில் ஒரு பிளவு, இரு ஊர்களுக்கு இடையே ஒரு பகை என்று நாளை உங்கள் முன் வரலாம். அப்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முடிவெடுப்பவர் இடத்தை நேரில் பார்த்தாரா? ஒப்புக்கொண்டதை நாள், எண்ணிக்கை, எல்லை குறித்து எழுதினீர்களா? யாருடைய வாழ்க்கை இதனால் மாறப் போகிறதோ, அவரை உட்கார வைத்தீர்களா? முத்ரோஸ் முதலிரண்டிலும் தோற்றது. முதன்யா முதலிரண்டிலும் வென்றது, மூன்றாவதில் தோற்றது. மூன்றிலும் வெல்லும் வாய்ப்பு உங்கள் தெருவில், உங்கள் கையில் இருக்கிறது.